செவலை தின்ற மாத்திரை

எங்கள் தெருவில் எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளைக் கோழிகள்தான் சாப்பிட்டன. இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன். ஒரு சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் எனக்கு வேலை. மழைக்காலம் வந்தால் அந்த மாத்திரைப் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்து முதல் அட்டையைக் கையில் எடுக்கும்போது, பத்து வயதில் எனக்குள் வந்து உட்கார்ந்த பயம் ஒருமுறை புரண்டு படுக்கும். சிரிக்கிறவர்களுக்கு அது தெரியாது.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறி, மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் ஊர் வரும். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். சண்டையும் சமாதானமும் தமிழில் நடக்கும். அப்பா டெம்போவில் இளநீர் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விடுவார். அம்மா தொழிலுறப்புக்குப் போவாள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்கிறார்களே, அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைத் தூர் வாரினார்கள். இருபது பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று ஆகாயத்தாமரையையும் உடைந்த பாட்டில்களையும் சில நாள் செத்த எலிகளையும் வாரிக் கரையில் போடுவார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் வேலியோரம் ஓடிவந்து அம்மாவின் தூக்குப்போசியில் பங்கு போடுவேன்.

திங்கட்கிழமை மதியம் ஹெல்த் இன்ஸ்பெக்டர் பைக்கில் வருவார். கூடவே எங்கள் ஊர் ஆஷா அக்கா வருவாள். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் தலைவலி விசாரிக்கும் பணிக்கு ஆஷா என்று பெயர். அது அவள் சொந்தப் பெயரில்லை, வேலையின் பெயர் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. இன்ஸ்பெக்டர் மதகின் மேல் ஏறி நின்று பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் பேசுவார். எலி மூத்திரம் தண்ணீரில் கலக்கிறது, கால் வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகிறது, ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கிறது என்பார். மூத்திரம் என்ற சொல்லை ஒரு பெரிய மனிதர் மேடையேறிச் சொல்வதில் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அளவில்லாத சந்தோஷம். வாரம் ஒருமுறை இரண்டு மாத்திரை, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு, விழுங்கியதும் படுக்கக்கூடாது என்று ஒப்பிப்பார். கடைசியாக, வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், உங்களுக்கு வேறு மாத்திரை என்று உரக்கக் கேட்பார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தலை முழுக்க நரைத்த ஒரு அம்மாள் வாரம் தவறாமல் எழுந்து நின்று கையைத் தூக்குவாள். அப்புறம் கேட்கவே வேண்டாம், வாய்க்காலே அதிரும். அம்மாவும் சிரிப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷமெல்லாம் மறுபேச்சில்லாமல் விழுங்கிய அம்மா, அந்த வருஷம் முதல் திங்கட்கிழமையே மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆஷா அக்கா நோட்டை நீட்ட, கையெழுத்து மட்டும் போட்டாள்.

"சோறு தின்னுட்டுப் போட்டுக்கறனுங்க."

சோறு தின்று முடித்தும் போடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். ஏனென்று கேட்டதற்கு வயிறு எரிகிறது என்றாள். அடுத்த வாரமும் டப்பாவுக்குத்தான் போயிற்று.

எங்களிடம் ஐந்து கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. அதில் செவலை என்று நாங்கள் கூப்பிட்ட சிவப்புக் கோழிக்கு அந்த நேரம் பார்த்து மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கொரகொரவென்று சத்தம். கண்ணோரம் நுரை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. அம்மா டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். அது கூடு மாத்திரை. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் திறந்துகொள்ளும், உள்ளே மஞ்சள் தூள். பழைய சோற்றில் அந்தத் தூளைப் பிசைந்து, உருண்டை பிடித்து, செவலையின் வாயைத் திறந்து ஊட்டினாள். நாலே நாளில் செவலை கொத்திக்கொண்டு திரிந்தது.

இப்போது நினைத்தால் கோழி வைத்தியத்தில் அம்மா தப்புச் செய்யவில்லை. கோழிக்கு அப்படி மூச்சு இழுக்க வைக்கிற ஒரு கிருமி உண்டு, அதற்கு இந்த மருந்து கேட்கும். எலிக்காய்ச்சல் கிருமியும் இதற்கே அடங்கும். அது சுருள் சுருளாக, ஸ்குரூ ஆணிபோல் இருக்கும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். மருந்து சரியான மருந்துதான், போன வாய்தான் தப்பு.

செவலை பிழைத்த செய்தி தெருவுக்குள் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வாய்க்கால் வேலைக்குப் போகிற பெண்களில் பாதிப்பேர் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். கோழி மாத்திரை என்றே பெயர் விழுந்துவிட்டது. கோழி இல்லாத வீட்டுக்காரர்கள் தங்கள் பங்கை எங்கள் டப்பாவில் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்ததாகக்கூடக் கேள்வி. கூட்டைத் திறந்து தூளைக் கொட்டுவது என் வேலை. விரல் நுனி மஞ்சளாகும், நக்கிப் பார்த்தால் கசக்கும். இதை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் வேலைப் பட்டியலிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒரு ரகசியம் கையில் இருப்பது எனக்கு அப்போது இனிப்பாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் அம்மாவின் பாதத்தில் பாட்டில் சில் கிழித்தது. மஞ்சள்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வாய்க்காலில் இறங்கினாள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அம்மா கஷாயம் வைப்பாள். அம்மாவுக்கே வந்தபோது யார் வைப்பதென்று தெரியவில்லை. கெண்டைக்காலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி என்னை ஏறி மிதிக்கச் சொன்னாள். மிதித்தால் கத்தினாள். கண்கள் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் சிவந்திருந்தன. அம்மாவை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அப்பா எங்கள் இருவரையும் டெம்போவில் ஏற்றி ஊர் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மலையாளி, அமைதியான மனிதர். எந்த வேலைக்குப் போகிறாய் என்று கேட்டார். வாய்க்கால் வேலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாராவாரம் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். ஒரு வாரமும் விடவில்லையே என்று இன்னொருமுறை கேட்டார். விடவில்லை என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்தேன். அந்தக் கொசுவுக்கு ஆறு கால், காலில் வெள்ளை வளையங்கள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். வாயைத் திறந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஆகும் என்று மட்டும் தெரிந்தது.

அந்தப் பருவத்தில் சுற்றுவட்டாரத்தில் டெங்கு இருந்தது. அதுவாக இருக்கலாம் என்று டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வாந்தி வந்தாலோ மூத்திரம் குறைந்தாலோ அந்த நிமிஷமே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். இல்லாத மாத்திரையை நம்பி அவர் கணக்குப் போட்டார், பாவம், அவர் என்ன செய்வார்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாவின் கண்ணில் சிவப்புக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது. முந்தின நாள் முழுக்க அவள் கொல்லைப் பக்கம் போகவேயில்லை. எழுப்பினால் எழுந்தாள், ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா அவளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போய் டெம்போவில் படுக்க வைத்தார். பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று யாரோ சொன்னார்கள். டெம்போ திரும்பும்போது அம்மா தலையைத் தூக்கி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"செவலையை அடைக்கு வெச்சிருக்கேன் கண்ணு. தண்ணி வெக்க மறந்துறாத."

செத்துப்போகிறவர்கள் இப்படித்தான் சாதாரணமாக ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நான் எங்கேயோ கேட்டிருந்தேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள முதலமடையிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அங்கே மாந்தோப்பில் வேலை. மதியத்துக்குள் ஆஷா அக்கா இன்னும் இரண்டு பேரோடு வந்து தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று, நோட்டைப் புரட்டி, எல்லா வாரமும் கையெழுத்து இருக்கிறதே, எப்படி வந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவள் போன பிறகுதான் வேடிக்கை. தெருவிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைப்புற வழியாக வந்தார்கள். ஒருத்தி வருவது இன்னொருத்திக்குத் தெரியக்கூடாது என்று வேலியோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தார்கள். அத்தைக்குக் கேட்காமல் என்னிடம், டப்பாவில் என்னுடையது ஏதாவது மிச்சம் இருக்கிறதா சாமி என்று கேட்டார்கள். ஒன்பது மாத்திரை மிச்சமிருந்தது. எது யாருடையது என்று எழுதியா வைத்திருக்கிறேன்? ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தேன். தொட்டியில் தண்ணீர் மொண்டு அங்கேயே நின்று விழுங்கினார்கள். வாரம்தோறும் மதகின் கீழே கை தூக்கிச் சிரிக்க வைத்த நரைத்த தலை அம்மாள் கடைசியாக வந்தாள். அவளுக்கு ஒன்றுதான் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, என் தலையில் கை வைத்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே நின்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியவில்லை. காலி டப்பாவை வாங்கிக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். பெரியவர்களுக்கும் பயம் வரும் என்று நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்பா போன் செய்தார். எலிக்காய்ச்சல்தான் என்று ரத்தத்தில் தெரிந்துவிட்டது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போடுகிறார்கள் என்றார். காய்ச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அத்தை என்னிடம் அதையெல்லாம் அப்படியே சொன்னாள். நாலாம் நாள் மத்தியானம் வந்த போனை அத்தை எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என்ன அத்தை என்று கேட்டேன். ஒன்றுமில்லை, அம்மா நன்றாக இருக்கிறாள், நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றாள். நன்றாக இருப்பவளுக்கு யாராவது இப்படி அழுவார்களா?

எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா சாகப்போகிறாள். சாப்பிட வேண்டிய மருந்தை அவள் சாப்பிடவில்லை. அந்த மருந்தைக் கூடு திறந்து, தூள் கொட்டி, சோற்றில் பிசைந்து கோழிக்குப் போட்டது நான். யாரிடமும் சொல்லாமல் கொசுவின் காலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். கொல்லைப்புறத்தில் நின்றபோது, செவலை அடைகாத்த கூடை கண்ணில் பட்டது.

மருந்து எங்கேயும் போய்விடவில்லை, அது செவலைக்குள்தான் இருக்கிறது என்று அந்த நிமிஷம் தோன்றியது. எல்லாக் கோழியையும்விட அதிகம் தின்றது அதுதான். அதற்குள் இருந்தால் அது வைத்த முட்டைக்குள்ளும் இருந்தாக வேண்டும். அம்மாவின் மருந்தை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும். பத்து வயது மூளைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அந்த மருந்து கோழி முட்டையில் கொஞ்சநாள் தங்கத்தான் செய்யும் என்று பின்னால் படித்தபோது, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தேன். ஒரு ஆளைக் காப்பாற்ற அது எந்த மூலைக்கும் காணாது. எங்கள் தெருவே அந்த முட்டைகளைத்தான் தின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

கூடையில் பதினோரு முட்டைகள் இருந்தன. செவலை என்னை விடவில்லை. சிறகை விரித்துச் சீறி, புறங்கையில் ரத்தம் வரக் கொத்தியது. அழுதுகொண்டே மூன்றை எடுத்தேன். மறுநாள் காலையில் அத்தை குளிக்கப் போன நேரத்தில் பால் சட்டியில் போட்டு வேக வைத்து, ஒரு துண்டில் சுற்றிப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பாலக்காடு போகும்வரை பஸ்ஸில் அந்தப் பை என் மடியில் கதகதவென்று இருந்தது.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அம்மா கிடந்தாள். ஐந்தே நாளில் பாதியாகியிருந்தாள். உள்ளங்கை மஞ்சள், நகம் மஞ்சள். ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு முன்கையில் நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது, பாதி அழிந்திருந்தது. வட்டம் எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஏதோ ஞாபகமாக, பெனிசிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிரையே வாங்கிவிடும், அதனால் முதலில் துளியூண்டு தோலில் குத்தி, சுற்றி வட்டம் போட்டு, தடிக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார். வேறு மாத்திரை கொடுக்கலாமே என்று நான் கேட்டதும் வராந்தாவுக்குப் போய்விட்டார். அப்பா அழுததைப் போலவும் இருந்தது, தூங்காததைப் போலவும் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. நான் பையைத் திறந்து துண்டைப் பிரித்தேன்.

சலைன் பார்க்க வந்த நர்ஸ், முட்டை இப்போது கூடாது என்று மலையாளத்தில் சொல்லி என் கையை மெதுவாக விலக்கினாள். நான் விடவில்லை. ஒரே ஒரு முட்டை என்றேன். அவள் மறுபடியும் விலக்கினாள். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

"இது செவலை வெச்ச முட்டைங்க. அம்மா மாத்திரையே போடலீங்க. எல்லாத்தையும் செவலைதான் தின்னுச்சு. அம்மாவோட மருந்து இதுக்குள்ள இருக்குதுங்க."

பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டர் திரும்பி எங்களிடம் வந்தார். வாசலில் அப்பா நின்றிருந்தார், கேட்டுவிட்டார். சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன். அம்மாவின் பேரை வெட்டிவிடுவார்கள், அப்பா அம்மாவைத் திட்டுவார், டாக்டர் என்னைத் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். அவர்கள் இருவருக்கும் முன்பே ஏதோ பேசி முடிந்திருந்தது போல இருந்தது. டாக்டர் குனிந்து, நீ ஒரு தப்பும் செய்யவில்லை மோளே என்று மட்டும் சொன்னார். மலையாளத்தில் மோளே என்றால் மகளே.

அந்த ஒரு சொல்லில் எனக்குத் தைரியம் வந்தது. யாரும் தடுக்கும் முன் ஒரு முட்டையைக் கட்டில் கம்பியில் தட்டி ஓட்டை உரித்தேன். வெள்ளைக்கு நடுவே சிவப்பு நூல் நூலாக ஓடியது. பிளந்தேன். உள்ளே கறுப்பாக ஒரு புள்ளி. கண்.

நர்ஸ் சட்டென்று துண்டைப் போட்டு மூடினாள். ஆனால் அம்மா பார்த்துவிட்டாள். முதலில் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பிறகு அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தாத்தா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அத்தை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அத்தையும் அழுதாள். சலைன் குழாயில் ரத்தம் ஏறியது. நர்ஸ் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. அடைக்கு வைத்த முட்டையை எடுத்துவிட்டேன், அதனால் அழுகிறாள். அவளைத் தேற்ற என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அழுவாதம்மா. இன்னும் எட்டு இருக்குது."

அம்மா சலைன் இல்லாத கையால் என்னை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

அம்மா பிழைத்தாள். மூத்திரம் இறங்க ஆரம்பித்தது, மஞ்சள் வெளுத்தது, பெனிசிலின் தன் வேலையைச் செய்தது. அவள் பேரை யாரும் வெட்டவில்லை. அடுத்த வருஷம் மதகின் கீழ் வரிசையில் முதலாவதாக நின்று, இன்ஸ்பெக்டரின் கண் முன்னாலேயே இரண்டு மாத்திரையையும் விழுங்கினாள். வயிறு எரியவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்த வருஷமும் இன்ஸ்பெக்டர் கை தூக்கச் சொல்லி உரக்கக் கேட்டார், பெண்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு வேடிக்கை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம், அந்த மாத்திரையைப் பற்றிய பாடத்தில் ஒரு வரி வந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடாது, எலிக்காய்ச்சல் என்றால் அவர்களுக்குப் பெனிசிலின் வகை. வகுப்பில் எல்லாரும் அடிக்கோடு போட்டார்கள். நான் பேனாவை மூடிவிட்டு, லீவில் ஊருக்குப் போனதும் நேராக முதலமடைக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். அவள் மாம்பிஞ்சு அரிந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"உனக்குத் தெரியும்னல்லோ நெனச்சேன் கண்ணு. உனக்கப்பறம் ரெண்டு தங்கல. இதையாவது மூணு மாசம் முடிஞ்சு சொல்லிக்கலாம்னு உங்கப்பன்கிட்டக்கூடச் சொல்லாம இருந்தா. அத்தன பேர் முன்னால ஒரு ஆம்பள கேட்டா எவ கையத் தூக்குவா?"

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் கரு கலைந்து போயிற்று என்றாள். ஆண்பிள்ளை என்றா, தெரியாது என்றா, என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. இன்று என் ஜன்னலுக்கு வருகிற பெண்களிடம் அந்தக் கேள்வியை நான் வரிசையில் வைத்துக் கேட்பதில்லை. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறேன். நேரமாகிறது என்று வெளியே முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அம்மாவிடம் மட்டும் நான் இன்றுவரை எதையும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் செவலை பொரித்தது. எட்டில் ஆறு. மஞ்சளும் கறுப்புமாக ஈரம் காயாத குஞ்சுகள். நான் ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். பாயில் படுத்திருந்த அம்மாவின் முகத்துக்கு நேராகக் கையை விரித்துக் காட்டி, ஆறு பொரிச்சிருக்குதும்மா என்றேன். அது அவள் விரலைக் கொத்தியது. அம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் அசதி இன்னும் போகவில்லை என்று நினைத்து, அவள் தூக்கம் கெடாமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, குஞ்சைத் தாயிடம் விடப் போனேன்.